தடுப்புச் சுவருக்கு முன் வடிகால்

2021 நவம்பர் 12 அன்று அதிகாலையில், சேலம்–தருமபுரி ரயில் பாதையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே கண்ணூர்–யஸ்வந்த்பூர் விரைவு ரயில் மீது பாறைகள் சரிந்து, ஏழு பெட்டிகள் தடம்புரண்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உயிர் தப்பியதால், சேலத்தில் அந்தப் பேச்சு ஒரு வாரத்திலேயே ஓய்ந்துவிட்டது.

இதுபோன்ற சரிவு நேரும்போதெல்லாம் இரும்பு வலையும் கான்கிரீட் சுவரும் வேண்டும் என்கிறோம். அவை தேவைதான்; ஆனால் முதல் தேவை வடிகால் என்பது என் கருத்து. மலைச்சரிவை வெட்டிப் பாதை போட்ட இடத்தில், மழைநீர் மண்ணுக்குள்ளும் பாறை வெடிப்புகளுக்குள்ளும் இறங்கித் தேங்கி, உள்ளிருந்து அழுத்தம் கொடுக்கும்போதுதான் சரிவு பிடிப்பை இழக்கிறது. அதனால்தான் சரிவின் உச்சிக்கு மேலே நீரை மறித்துத் திருப்பிவிடும் வாய்க்கால், அடியில் தண்டவாளத்தை ஒட்டிய பக்கவாட்டு வடிகால், சுவரில் நீர்த்துளைகள் என மூன்றையும் பொறியாளர்கள் சேர்த்தே அமைக்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தடுப்புச் சுவரைக் கவனித்தேன்: துளைகளில் மண் இறுகிப் புல் முளைத்திருக்க, தண்ணீர் சுவரின் விரிசல் வழியே கசிந்துகொண்டிருந்தது. வெளியேற வழியில்லாத நீரைத் தாங்கி நிற்கும் சுவருக்கு எவ்வளவு காலம்தான் ஆயுள்?

வடிகாலை அரைகுறையாகக் கட்டினாலும் ஆபத்துதான். ஸ்காட்லாந்தின் கார்மாண்டில் 2020 ஆகஸ்ட் 12 அன்று பெய்த கனமழையில், வடிகாலைச் சுற்றி நிரப்பியிருந்த ஜல்லி அடித்துவரப்பட்டுத் தண்டவாளத்தில் குவிந்ததால், ரயில் தடம்புரண்டு மூவர் இறந்தனர். அந்த வடிகால் வரைபடத்தில் இருந்தபடி கட்டப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது.

நம் பக்கத்திலும் மழையின் போக்கு மாறிவருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காடு சாலையில் மண்சரிவு ஏற்பட்டது. பழைய மழைக் கணக்கில் அளவெடுத்த வாய்க்காலும் குழாய்ப்பாலமும் இவ்வளவு நீரைக் கடத்துமா என்பதை, சேர்வராயன் அடிவாரத்தில் தானிஷ்பேட்டை, லோக்கூர் வழியாகச் செல்லும் ஜோலார்பேட்டை பாதையிலும் மறுபடி கணக்கிட வேண்டும்.

இதை ரயில்வே மட்டும் செய்து முடித்துவிட முடியாது. தண்ணீர் புறப்படுவது பெரும்பாலும் ரயில்வே எல்லைக்கல்லுக்கு மேலே உள்ள காட்டிலும் பட்டா நிலத்திலும்தான். அங்கே புதிதாக வெட்டிய ஒரு மண்பாதை போதும், ஓடையின் திசையே மாறிவிடும். இரவு மழையில் விளக்கேந்தி ரோந்து போகும் டிராக்மேன் பெரும்பாலும் விழுந்த கல்லைத்தான் பார்க்க முடியும். மேலே நீர் தடம் மாறியது அவருக்குத் தெரியாது. ஆகவே ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் ரயில்வே, வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் சேர்ந்து சரிவின் உச்சி வரை ஏறி நடந்து பார்த்து, அடைபட்ட வாய்க்கால்களையும் அவற்றைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஊர்வாரியாக எழுதி வெளியிட வேண்டும்.