எஞ்சின் வாங்கும் முன் பின் அச்சை முடிவு செய்யுங்கள்

பழைய பின்சக்கர ஓட்டக் கார்களில் பெரிய எஞ்சின் பொருத்தும் ஆர்வம் எங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து இளைஞர்களிடம் வளர்ந்து வருவதை மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது தொடர்பாக என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றிக் கேட்டார்கள், டர்போவைப் பற்றிக் கேட்டார்கள், கியர்பாக்ஸைப் பற்றியும் கேட்டார்கள். பின் அச்சின் நடுவில் இருந்து எஞ்சினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் எதைப் போடலாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாகக் கேட்டால், "அதுக்கென்னங்க, கடைசியில பார்த்துக்கலாம்" என்பதே பொதுவான பதில். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; ஒன்றரை ஆண்டும் கணிசமான பணமும் போன பிறகு, அந்த வரிசையே தவறு என்ற உறுதியான கருத்துக்கு வந்திருக்கிறேன். பின் அச்சை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதையும் எஞ்சினின் சக்தியை வைத்து முடிவு செய்யாமல், டயரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது பந்தய ஓடுதளத்தில் மட்டும் ஓடும் காரைப் பற்றி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு செய்த வாகனத்தை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டு சாலையில் ஓட்ட இடம் தருவதில்லை. என் கார் வீட்டிலிருந்து ஓடுதளத்துக்கு இன்றும் இன்னொரு வண்டியின் முதுகில்தான் போகிறது.

காரோ ஒரு பழைய கான்டெசா. அதில் நான் பொருத்தியிருப்பது டொயோட்டாவின் 1ஜேஸெட்-ஜிடிஇ, அதாவது 2.5 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ கொண்ட பெட்ரோல் எஞ்சின். இதன் உச்சத் திருகுவிசை (டார்க்) 363 நியூட்டன் மீட்டர். உடன் வந்த ஆர்154 கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.25, இரண்டாவது 1.95, மூன்றாவது 1.31, நான்காவது நேரடி. இந்த எண்களை வைத்து எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு: 363-ஐ 3.25-ஆல் பெருக்கி, வருவதை டிஃபரன்ஷியல் விகிதமான 3.9-ஆல் பெருக்கினால் 4,600 நியூட்டன் மீட்டர் வரும். எனவே லாரி அச்சு போன்ற ஒன்று இல்லாமல் தாங்காது என்பார்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலோடு வளர்ந்த நம் ஊரில் கனமான அச்சு என்றாலே தனி நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு பாதிக் கணக்குத்தான்.

சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு எதிரே இருக்கும் எடைமேடையில், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி காரை நிறுத்தி, நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே எடை போட்டுப் பார்த்தேன். முழுக் கார் 1,280 கிலோ. பின் சக்கரங்களின் மேல் 590 கிலோ. டயர் 205/60 ஆர்15. தரையிலிருந்து சக்கர மையம் வரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். கார் வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக்கொண்டால், சாதாரண ரோட்டு டயர் வழுக்காமல் தாங்கக்கூடிய திருகுவிசை இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துச் சுமார் 2,100 நியூட்டன் மீட்டர். பந்தயத்துக்கான ஒட்டும் டயர் போட்டால் 2,700 வரை போகலாம். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வெறுமனே சுழலும்; அந்தச் சக்தி புகையாகப் போகுமே தவிர டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பல் மேல் சுமையாக வந்து உட்காராது. முதல் கியரில் 4,600 என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். இரண்டாவது கியரில் கணக்குப் போட்டால் 2,760 வருகிறது; அதாவது நல்ல டயரும் இந்த எஞ்சினும் ஏறக்குறைய சமமாக மோதிக்கொள்ளும் இடம் இரண்டாவது கியர்தான்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் எஞ்சினை வைத்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டால், ஃப்ளைவீலில் தேங்கியிருக்கும் சுழற்சி முழுவதும் ஒரே அடியாகப் பல்லின் மேல் இறங்கும். அந்த அடிக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பின் அச்சு துள்ளத் தொடங்கினால், டயர் தரையை விட்டு விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அப்படி ஓர் அடி விழும். நேர்ப்பாதையில் நின்ற இடத்திலிருந்து பாயும் போட்டிக்குத் தயாராகிறவர்கள் பெரிய அச்சையே தேடட்டும். வளைவுகள் நிறைந்த ஓடுதளத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அது தேவையற்ற சுமை. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் மேடுபள்ளத்தில் டயரைத் தரையிலிருந்து பிரித்துவிடும்.

அடுத்தது விகிதம். "4.5 போடுங்க, பிக்கப் தூக்கும்" என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. சின்ன எஞ்சினுக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் நாம் எஞ்சினை மாற்றிய காரணமே கீழ்ச்சுற்றிலிருந்து இழுவை வேண்டும் என்பதல்லவா? செட்டிபாளையத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கும் ஓடுதளம் 2.1 கிலோமீட்டர், நேர்ப்பகுதியின் முடிவில் என் கார் மணிக்கு 150 கிலோமீட்டரைத்தான் எட்டும். டிஃபரன்ஷியலில் கிரவுனுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 9 பல், அதாவது 4.56 போட்டால் மூன்றாவது கியர் 6,500 சுற்றில் 123 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். நேர்ப்பகுதியின் நடுவில் நான்காவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். 41-க்கு 11 பல், அதாவது 3.73 போட்டால் அதே மூன்றாவது கியர் 150 வரை போகும். ஒரு கியர் மாற்றமே மிச்சமாகிறது. அதோடு, கிரவுன் அளவு ஒன்றாகவே இருக்கும்போது 9 பல் பினியன் 11 பல் பினியனைவிடச் சிறுத்துப்போய்விடுகிறது. வலிமை வேண்டும் என்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே எண்ணில் சிறிய விகிதத்தை விரும்ப வேண்டும் என்பது என் கருத்து.

இனி என் அனுபவம். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டறையில் ஒரு சரக்கு வேனின் பின் அச்சைச் சீர்செய்து வாங்கினேன். முதல் நாளே ஓடுதளத்தில், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றாவது முறை ஓட்டப் போனபோது, மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் 'டமார்' என்ற ஓசையோடு கார் நின்றது. டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஊற்றிய எண்ணெய் தேன் நிறத்தில் வரவில்லை. வெள்ளிப் பொடி கரைத்த மாதிரி மினுமினுத்துக்கொண்டு இறங்கியது. தட்டின் அடியில் கிரவுன் பல் மூன்று, நகத்துண்டுகள் போல் கிடந்தன. துடைத்துப் பார்த்தால் கிரவுன் வீலில் பொறித்திருந்த எண் ஒன்று, பினியனின் தலையில் இருந்த எண் வேறொன்று. பல் எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காக இரண்டு வேறு வேறு செட்டுகளைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கி, ஒரே எண் பொறித்து, ஜோடியாகத்தான் அனுப்புகிறார்கள். பிரித்த ஜோடியை எந்தக் கைத்திறனாலும் சேர்க்க முடியாது. கோவை உக்கடத்தில் பழைய அச்சு வாங்கப் போகிறவர்கள் மூடியைத் திறந்து, துணியால் துடைத்து, இந்த எண்களை ஒப்பிட்ட பிறகே விலை பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது அச்சை அமைத்துக் கொடுத்தவர் கோவை கணபதி பகுதியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவர் வேலை செய்ததை நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிரவுனில் ஆறேழு பற்களுக்கு மட்டும் சிவப்பு மையை மெல்லத் தடவினார். ஒரு மரக்கட்டையைக் கிரவுனின் முதுகில் அழுத்திச் சுமை கொடுத்தபடி பினியனைக் கையாலேயே முன்னும் பின்னும் சுழற்றினார். பிறகு மை அழிந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். "அங்க பாருங்க தம்பி, பல்லோட அடியில போய் உக்காருதுங்க. பினியன் உள்ள அதிகமா போயிருச்சு, ஒரு சிம் எடுக்கோணும்ங்க" என்றார். பினியனைக் கழற்றி, பேரிங்கைப் பிடுங்கி எடுத்து, சிம் என்று அவர் சொன்ன மெல்லிய வளையத் தகட்டை மாற்றி, மறுபடி பூட்டினார். அன்று மட்டும் நான்கு முறை அப்படிக் கழற்றிப் பூட்டினார். கடைசியில் மை அழிந்த தடம் பல்லின் நடுவில் நெல்மணி போல் உட்கார்ந்தது. டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றிலும் நான்கு இடங்களில் பேக்லாஷ், அதாவது இரண்டின் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்த்து எழுதிக்கொண்டார்: எல்லாம் 0.13-க்கும் 0.16 மில்லிமீட்டருக்கும் இடையில். முந்தைய பட்டறையில் டயல் கேஜையே நான் பார்த்த நினைவில்லை.

உள்ளே எந்த வகை போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. சாதாரண ஓபன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் கொடுக்கும். வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகிச் சுழலத் தொடங்கினால் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். இதைத் தவிர்க்க, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடும் வழக்கம் நம்மிடம் அதிகம். மலிவு என்பதைத் தவிர அதில் நல்லது எதுவும் இல்லை. மெதுவான வளைவில் காரின் மூக்கு உள்ளே திரும்ப மறுக்கும். ஒரு சக்கரம் மட்டும் தரையைப் பிடிக்கும் நேரத்தில் முழுத் திருகுவிசையும் ஒரே ஆக்சில் ஷாஃப்டின் மேல் ஏறும். ஷாஃப்ட் முறிவது பெரும்பாலும் அப்படித்தான்.

மிச்சம் இருப்பவை, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி வகைகள் இரண்டு. டார்சென் போன்ற பல்சக்கர வகை அமைதியாக வேலை செய்யும், தேய்மானம் மிகக் குறைவு. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள கார்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அது ஒரு சக்கரத்தில் இருக்கும் பிடிப்பைப் பெருக்கித்தான் மறு சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஒரு சக்கரம் முழுவதும் தூக்கிவிட்டால் பெருக்குவதற்கு எதுவும் இருக்காது. கான்டெசாவின் பின்னால் இருப்பது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட அச்சு. புரொப்பல்லர் ஷாஃப்டின் திருகலே வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கப் பார்க்கும். அதனால் இரண்டாவதான, தகடுகள் கொண்ட எல்எஸ்டியில் 1.5 வகையை எடுத்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இறுக்கமாகப் பூட்டும், விடும்போது பாதியாகத் தளரும்; இரண்டு பக்கமும் சமமாகப் பூட்டும் 2 வகையைப் போல வளைவின் நுழைவில் காரை நேரே தள்ளாது. தகடுகள் தேயும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், அதற்கென்று உள்ள எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். இவற்றை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் பல்சக்கர வகைக்கே போகலாம்.

அச்சு தேர்ந்தெடுக்கும்போது மூன்றைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் பாடிக்குள் அடங்குகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். ஆக்சில் ஷாஃப்ட் உள்ளே சி வடிவக் கிளிப்பால் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், ஷாஃப்ட் முறிந்த நொடியில் சக்கரமே கழன்று வெளியேறும். வெளிப்புற பேரிங்கிலேயே தகடு வைத்து நிறுத்தப்பட்ட வகையைத் தேடுங்கள். நான்கு சக்கர ஓட்ட வண்டியின் முன் அச்சைத் திருப்பிப் பின்னால் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த அச்சின் பல் அமைப்பைப் பொறுத்து, கார் முன்னோக்கி ஓடும்போது வரும் சுமை முழுவதும் பல்லின் பலவீனமான பக்கத்தில் விழக்கூடும்.

புது அச்சோடு போன மாதம் செட்டிபாளையத்துக்குப் போனேன். ஆறு சுற்று மிதமாக ஓட்டி, கைவைக்க முடிகிற அளவுக்கு ஹவுசிங் ஆறும்வரை நிறுத்தி, மறுபடி ஆறு சுற்று. இப்படி மூன்று முறை. முனகல் இல்லை. எண்ணெயை இறக்கியபோது காந்தப் போல்ட்டில் மாவு போன்ற கரும்பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், துணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அடுத்த வாரம் பெரியவரிடம் கொண்டுபோய் மூடியைத் திறந்து, மறுபடி மை தடவிப் பார்க்கப் போகிறோம். தடம் நகராமல் நடுவிலேயே இருந்தால், அதன் பிறகு இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பேன்.