பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு வழக்கு முடிவதில்லை

அண்ணா, "இருபது ரூபாய் பத்திரத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சது, வாய்தாவுக்குப் போக வேண்டாம்"னு எழுதியிருக்கீங்க. தயவுசெய்து யாரும் இதை நம்பிடாதீங்க.

கோத்தகிரிப் பக்கம் எங்க சித்தப்பா அப்படித்தான் நம்பினார். தேயிலைத் தோட்டத்து வரப்புத் தகராறு. ஊர்ப் பெரியவங்க முன்னாடி எழுதின தாளை நாலா மடிச்சு பாஸ்புக்குக்குள்ள வெச்சிருந்தார். மடிப்பெல்லாம் மழை ஈரத்துல நைஞ்சு போச்சு. அவர் கோர்ட்டுக்குப் போகலை. எதிர்த்தரப்பு மட்டும் போய், இவர் வராததால ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிட்டாங்க. அதை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள்ள மனுப் போட்டதால தப்பிச்சார்.

உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம் கட்டளை 23 விதி 3 சொல்றது இதுதான்: சமரசம் எழுத்துல இருக்கணும், தரப்பினர் கையெழுத்து வேணும். அது சட்டத்துக்கு உட்பட்டதுதானான்னு நீதிபதி பார்த்து, பதிவு செஞ்சு, தீர்ப்பாணை (டிக்ரி) தரணும். அதுக்கு அப்புறம்தான் அதை நிறைவேற்று மனு போட்டு அமல்படுத்த முடியும்.

அதுக்காக அந்தத் தாள் வெறும் காகிதம்னும் நினைக்காதீங்க. கையெழுத்துப் போட்டவர் பின்னாடி மறுத்தா, சமரசம் நடந்ததா இல்லையான்னு அதே நீதிமன்றம் விசாரிச்சு முடிவு செய்யும். நினைச்சப்ப பின்வாங்க முடியாது.

மக்கள் நீதிமன்றத்துல (லோக் அதாலத்) முடிச்சா இன்னும் நல்லது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அந்தத் தீர்வே தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாளை வக்கீல்கிட்டக் கொடுத்து அடுத்த வாய்தாவிலேயே தாக்கல் பண்ணச் சொல்லுங்க.