பாட்காஸ்ட் செய்ய நூலகத்தைவிட நல்ல இடம் பள்ளியில் இல்லை

பாட்காஸ்ட் என்றால் இணையத்தில் பகுதி பகுதியாக வரும், வேண்டும்போது கேட்கக்கூடிய ஒலி நிகழ்ச்சி. பள்ளி நூலகத்தில் அது எதற்கு என்று கேட்பவர்களில் இரண்டு சாரார் உண்டு. "பிள்ளைகள் ஏற்கெனவே படிப்பதில்லை, கேட்கவும் பழக்கிவிட்டால் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்" என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். "அது கம்ப்யூட்டர் ஆசிரியரின் வேலை, நூலகத்தில் எதற்குச் சத்தம்" என்கிறார்கள் மற்றவர்கள். பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பிள்ளைகள் பாட்காஸ்ட் கேட்டால் மட்டும் போதாது, அவர்களே செய்ய வேண்டும். அதையும் நூலகத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்ட ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல காரணம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த அச்சம். 1986-ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிமையான ஒரு கணக்கைச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் திறனையும், காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளை எந்த நூலகரும் பார்த்திருப்பார். அந்தப் பிள்ளைக்குப் பிடித்த விஷயம் அதனால் படிக்க முடியாத புத்தகத்தில் இருக்கும். படிக்க முடிகிற புத்தகமோ சின்னக் குழந்தைகளுக்கானதாக இருக்கும். அந்த வயதில் எரிமலையைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் நல்ல சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தால், எழுத்து வசப்படும்போது புரிதல் ஏற்கெனவே அங்கே இருக்கும். கேட்பது வாசிப்பைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை.

அதற்காகக் கேட்டாலே போதும் என்று சொல்ல மாட்டேன். டேனியல், வுடி என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை 2010-ல் வெளியானது. ஒரே விஷயத்தைச் சிலர் கட்டுரையாகப் படித்தார்கள், சிலர் பாட்காஸ்டாகக் கேட்டார்கள். பிறகு வைத்த தேர்வில் கேட்டவர்கள் பின்தங்கினார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. படிப்பவர் புரியாத வரியில் நின்று, மேலே போய், மறுபடி வருகிறார். கேட்பவருக்கு அந்தக் குரல் நிற்பதில்லை, கவனம் நழுவினாலும் அது போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் நூலகத்தில் ஹெட்போனை மாட்டிவிட்டு அரைமணி நேரம் பிள்ளைகளை உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து நிமிடப் பகுதி, இரண்டு பேராகச் சேர்ந்து கேட்பது, நடுவில் நிறுத்தி "இப்போது என்ன சொன்னார்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது, அப்புறம் அதே விஷயம் இருக்கும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பது. இப்படிச் செய்தால் கேட்பதற்குப் பலன் உண்டு.

கேட்பதற்கு எடுத்து வைக்கும் பாட்காஸ்டையும் புத்தகத்தைப் போலவே நடத்த வேண்டும். நாம் முழுதாகக் கேட்காத எபிசோடைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கக் கூடாது. நடுவில் வரும் விளம்பரம் என்னவென்று கேட்டால்தான் தெரியும். தலைப்பு, மொழி, எத்தனை நிமிடம், எந்த வயதுக்கு என்ற விவரங்களோடு நூலகப் பட்டியலில் ஏற்றி, அதே பொருளைப் பேசும் புத்தகத்தின் உள்ளட்டையில் கியூஆர் குறியீடாக ஒட்டிவிடலாம். இன்னொன்று, எந்த ஒரு ஆப்பையும் நம்பி நூலகத் தொகுப்பைக் கட்டாதீர்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப் 2024-ல் மூடப்பட்டது. கூகுள் நடத்தியதே அந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாகப் பாட்காஸ்ட் என்பது, புதிய எபிசோடுகளை எந்த ஆப்புக்கும் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் என்ற பொது ஏற்பாட்டில் ஓடுவது, எந்த நிறுவனத்தின் சொத்தும் இல்லை. அந்த ஆர்எஸ்எஸ் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டால் ஆப் மாறினாலும் நிகழ்ச்சி கையைவிட்டுப் போகாது.

சரி, செய்வதற்கு வருவோம். 2024 செப்டம்பரில் கூகுளின் நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஒரு கட்டுரையைப் பதிவேற்றினால் இரண்டு பேர் உட்கார்ந்து அதைப் பற்றி உரையாடுவது போன்ற ஒலிப்பதிவைச் சில நிமிடங்களில் அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும். "இனி பிள்ளைகள் எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் நேராகவே கேட்டார். நம் கைக்கு ஒரு ஒலிக்கோப்பு வந்தால் போதும் என்றால் அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் பள்ளியில் நமக்கு வேண்டியது அந்தக் கோப்பு அல்லவே. அதைச் செய்து முடிப்பதற்குள் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதானே நம் வேலை.

என்ன நடக்கிறது என்பதை ஒரு எபிசோடை வைத்தே சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேனீக்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். முதல் ஸ்கிரிப்டில், "தேனீக்கள் நடனமாடித் தம் கூட்டத்திற்கு உணவிருக்கும் இடத்தைத் தெரிவிக்கின்றன" என்று எழுதி வந்தாள். வகுப்புத் தேர்வில் அந்த வரிக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எதிரே உட்கார்ந்து கேட்ட அவள் தோழி, "எப்படித் தெரிவிக்கும்?" என்றாள். இவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தாள். அங்கே படம் இருந்தது. ஆனால் பாட்காஸ்டில் படத்தைக் காட்ட முடியாதே! அந்தப் பக்கத்தை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. கூட்டுக்குள் இருட்டு, செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல் ஆட்டம். நேர் மேலே பார்த்து ஆடினால் சூரியன் இருக்கும் திசையில் போ என்று பொருள். எந்தக் கோணத்தில் சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனிலிருந்து அந்தக் கோணத்தில் விலகிப் பறக்க வேண்டும். இதை வெறும் குரலில் எப்படிச் சொல்வது? கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒரு கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. 12 இருக்கிற பக்கம்தான் சூரியன். தேனீ 2-ஐப் பார்த்து ஆடுச்சுன்னா, சூரியனுக்கு வலது பக்கம் 60 டிகிரி தள்ளிப் போகணும்."

தேனீக்களின் இந்த மொழியை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது என்பது அவள் ஸ்கிரிப்டில் ஒரு வரியாகத்தான் வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. எவ்வளவு நேரம் ஆடுகிறதோ அவ்வளவு தூரம் என்று சொல்லும்போது எண்ணைச் சொல்ல வேண்டுமே என்று இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். இரண்டு புத்தகத்திலும் எண் வேறு வேறாக இருந்தது. எது சரி என்று என்னிடம் வந்தாள். நான் பதில் சொல்லாமல் கலைக்களஞ்சியம் இருக்கும் அலமாரியைக் காட்டினேன். தேனீ வகைக்கு வகை இந்தக் கணக்கு மாறும் என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தாள். எபிசோடில் எண்ணைச் சொல்லாமல் அந்தத் தகவலைச் சொன்னாள். நூலகத்தில் இல்லாமல் வேறு எந்த அறையில் இது நடந்திருக்கும்? கம்ப்யூட்டர் அறையில் மைக் இருக்கும், மென்பொருள் இருக்கும். எட்டும் தூரத்தில் இரண்டாவது புத்தகம் இருக்காது.

தமிழில் செய்யும்போது இன்னொரு கேள்வி வரும். எழுத்துத் தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா? பிள்ளைகள் முதலில் எழுதி வருவது பெரும்பாலும் பாடப்புத்தகத் தமிழாகத்தான் இருக்கும். "இந்நூலானது" என்று தொடங்கி, வந்து, கண்டு, அறிந்து, உணர்ந்து என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகும். வாய்விட்டுப் படிக்கும்போது பாதியிலேயே மூச்சு வாங்கும். அந்த இடத்தில் பிள்ளையே பேனாவை எடுத்து வாக்கியத்தை வெட்டுகிறது. "வாக்கியம் நீளம், பிரித்து எழுது" என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதி எழுதி வராதது இப்படி வந்துவிடுகிறது. என் ஏற்பாடு இதுதான். புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்டும்போது எழுத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், தன் கருத்தைத் தன் பேச்சில் சொல்லலாம். வீட்டில் எப்படிப் பேசுகிறதோ அந்தப் பேச்சு. அதைத் திருத்த நான் விடுவதில்லை. ழகரம் வராத பிள்ளையையும், திக்கிப் பேசும் பிள்ளையையும் "நீ ஸ்கிரிப்ட் மட்டும் எழுது" என்று மைக்கிலிருந்து தள்ளி வைப்பது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைகளுக்கு மேடையைவிடப் பாட்காஸ்ட் எவ்வளவோ மேல். தடுமாறினால் மறுபடி சொல்லலாம், நன்றாக வந்ததை வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் கையை வைக்கும் இடத்தில்தான் இது கெட்டுப்போகிறது. ஆசிரியர் அழகாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்து, குரல் நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையை ஒப்பிக்க வைத்து, பின்னணி இசையும் சேர்த்து வெளியிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது பேச்சுப்போட்டி. அதில் எந்தப் பிள்ளையும் எந்தப் புத்தகத்தையும் திறந்திருக்காது. கரடுமுரடாக இருந்தாலும் பிள்ளை எழுதியதே போகட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தகவல் தவறாக இருந்தால் மட்டும் "இது எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டால் போதும்.

எடிட்டிங்கையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஆடாசிட்டி 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், சாதாரணக் கணினியிலேயே ஓடும். எட்டு நிமிடம் பேசியதை நான்கு நிமிடமாக்கச் சொல்லிப் பாருங்கள். எதை விடுவது, எது போனால் மற்றது புரியாது என்று யோசிக்க வேண்டியிருக்கும். சுருக்கி வரைக என்று தேர்வில் கேட்பது இதைத்தான். அதிலும் அடுத்தவரைப் பேட்டி எடுத்த பதிவு என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன "ஆனால்" என்ற சொல்லை வெட்டினால் அவர் சொன்னதே மாறிவிடும். இதைத் தன் கையால் வெட்டிப் பார்த்த பிள்ளை, ஊடகத்தில் வரும் ஒவ்வொரு பேட்டியையும் வேறு காதோடு கேட்கும்.

பேட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு, ஒருவரை ஒருவர் அறிந்த இரண்டு பேரை உட்கார வைத்து 40 நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகள் அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சாதாரண மனிதர்களின் குரலை ஒரு தேசிய நூலகம் சேர்த்து வைக்கிறது என்றால், பள்ளி நூலகம் தன் அளவில் ஏன் செய்யக் கூடாது? பிள்ளைகள் தாத்தா பாட்டியைப் பேட்டி எடுக்கட்டும், பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் பணியாளரைப் பேட்டி எடுக்கட்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கைபேசி போதும். புத்தகம் நிறைந்த அலமாரிகள் எதிரொலியைக் குறைப்பதால், வெறும் சுவர் கொண்ட வகுப்பறையைவிட இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் பதிவு நன்றாக வரும். ஒரு கைதட்டிப் பார்த்தாலே வித்தியாசம் கேட்கும். ஃபேனை நிறுத்துங்கள். கைபேசியை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று வந்து மைக்கில் மோதாது. பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்துகொண்டால், ஆடாசிட்டியில் அறையின் இரைச்சலைக் குறைக்க அது உதவும். ஒரே சேனலில் (மோனோ), விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் எம்பி3 கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஆகும், பத்து நிமிட எபிசோடு ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு. பிள்ளையின் குரல் அதன் அடையாளம். சில விநாடிப் பதிவை வைத்தே ஒரு குரலைப் போலி செய்யும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. ஆகவே பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதுவும் பள்ளியைவிட்டு வெளியே போகக் கூடாது. முழுப்பெயர், வகுப்பு, வீட்டு விவரம் எதுவும் எபிசோடில் வேண்டாம். என்னைக் கேட்டால், பள்ளிக்குள் மட்டும் கேட்பதாகவே தொடங்கலாம். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கேட்டாலே பிள்ளைகளுக்குப் போதுமான நேயர்கள் கிடைத்துவிடுகிறார்கள். அப்புறம் பதிப்புரிமை. புத்தகத்தைப் பற்றிப் பேசலாம், இரண்டு வரி மேற்கோள் காட்டலாம். அத்தியாயம் முழுவதையும் வாசித்து வெளியிட அனுமதி வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடுவதும் அப்படியே. எழுத்து வடிவம் இல்லாத எபிசோடையும் பட்டியலில் ஏற்றக் கூடாது. காது கேளாத பிள்ளைக்கும் அது நூலகம்தான். ஸ்கிரிப்ட் கையில் இருப்பதால் இது கூடுதல் வேலையும் இல்லை.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நியாயமான கேள்வி. மூன்று நிமிட எபிசோடு ஒன்றை எழுதி, பதிவு செய்து, வெட்டி முடிக்கச் சில வாரங்களின் நூலகப் பாடவேளைகள் தேவைப்படும். அந்தப் பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. தேர்வு நெருங்கியதும் காணாமல் போய்விடுகிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பதற்காகவே வைத்திருக்கும் பாடவேளையாக அதை நடத்துகிறோம். புதிய மைக்கும், சுவரில் ஒட்டும் நுரைப் பலகையும், "ஸ்டுடியோ" என்ற பெயர்ப்பலகையும் வாங்கித் தர நிர்வாகங்கள் முன்வந்தால் நன்றிதான். ஆனால் நான் கேட்பது அதையல்ல. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை, ஆண்டு முழுக்க, தேர்வு மாதத்திலும், யாரும் கை வைக்காமல் வேண்டும். அதைக் கொடுங்கள், மீதியைப் பிள்ளைகளும் நூலகரும் பார்த்துக்கொள்வார்கள்.