ஹம்மிங் சத்தம் வந்தா டிஃபரன்ஷியல் போச்சுன்னு அர்த்தம் இல்ல

மேல ஒருத்தர் "ஆல் வீல் டிரைவ் (நாலு வீலுக்கும் பவர் போற) வண்டில ஊஊன்னு சத்தம் வந்தா பின் டிஃபரன்ஷியல் காலி, யோசிக்காம மாத்திடுங்க"ன்னு போட்டிருக்காரு. டிஃபரன்ஷியல்ங்கறது ரெண்டு பக்க வீலுக்கும் பவரப் பிரிச்சுக் குடுக்குற கியர் செட்டு. தயவுசெஞ்சு அவரு சொன்னத நம்பி காச கொட்டாதீங்க. பாதி நேரம் அது வீல் பேரிங்காவோ (வீல் உரசாம சுத்த உதவுற பாகம்) மேடு பள்ளமா தேஞ்ச டயராவோதான் இருக்கும்.

காலி ரோட்டுல சத்தம் வர்ற ஸ்பீடுல போயிட்டே ஸ்டியரிங்க லேசா இடது வலதுன்னு ஆட்டிப் பாருங்க, இடது பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறுச்சுன்னா வலது பேரிங் மேல சந்தேகப்படலாம், ஏன்னா வெயிட்டு வலது பக்கம் சாயுது. டிஃபரன்ஷியல் கியர் சத்தம் பெரும்பாலும் அப்படி மாறாது, ஆக்ஸிலரேட்டர மிதிக்கும்போது ஒரு மாதிரியும் கால எடுத்தா வேற மாதிரியும் கேக்கும். டயரா இருந்தா ட்ரெட்ட (டயர்ல தரையத் தொடுற பகுதி) கையால தடவினாலே அலை அலையா தட்டுப்படும், முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டா சத்தமும் இடம் மாறும்.

ஃபுல்லா ஒடிச்சுத் திருப்பும்போது டக் டக்னு வந்தா சிவி ஜாயிண்ட் (வீலுக்குப் பவர் கொண்டுபோற ஆக்ஸில்ல இருக்குற வளையுற மூட்டு). அதே நேரத்துல முனகிக்கிட்டே அதிர்ந்தா மொதல்ல டிஃபரன்ஷியல் ஆயில மாத்துங்க, பழைய ஹோண்டா சிஆர்-வில பின் டிஃபரன்ஷியலுக்கான ஃப்ளூயிட மாத்தினாலே நிறைய வண்டில இது சரியாகிடும், ஆனா கம்பெனி சொன்ன ஃப்ளூயிட்தான் ஊத்தணும், சாதா கியர் ஆயில் இல்ல.

அப்புறம் ரெண்டு வீல மட்டும் ஜாக்குல தூக்கி கியர் போட்டு செக் பண்ணலாம்னு அவரு சொல்லியிருக்கறதும் டேஞ்சர், தரையில இருக்குற வீலுக்கும் பவர் போனா வண்டி பாஞ்சிடும்.