மேல்பலகை உறுதியாக இருந்தால் டெக் (வீட்டோடு ஒட்டிய வெளிப்புற மர மேடை) பாதுகாப்பானதா?

"மிதிக்கும் பலகைகள் ஆடாமல் இருந்தால் பழைய மர டெக்கை மாற்ற வேண்டாம், சாயம் பூசினால் போதும்" என்று ஒரு கருத்து, பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

அமெரிக்க வீடுகளில் டெக் சரிவதற்கு முக்கியக் காரணம், அதை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் லெட்ஜர் பலகை பிடுங்கிக்கொள்வது. பழைய டெக்குகள் பலவற்றில் அது வெறும் ஆணியில்தான் நிற்கிறது. அதன் மேலே மழைநீரைத் திருப்பிவிடும் ஃபிளாஷிங் தகடும் இல்லையென்றால் மழைநீர் சுவருக்கும் பலகைக்கும் இடையில் இறங்கி, காயவே வழியில்லாமல் ஊறும். மேல்பலகையோ வெயிலில் காய்ந்து புதிதுபோல இருக்கும்! 2004 வாக்கில் பரவலான மக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் வேறு, சாதாரண துத்தநாகப் பூச்சு ஆணிகளை வேகமாக அரிக்கும்.

சோதிக்க ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் போதும். அடியில் போய் லெட்ஜர், ஜாய்ஸ்ட் (மேல்பலகைகளைத் தாங்கும் கட்டை) முனைகள், தூண்களின் அடிப்பாகம் மூன்றையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி இறங்காது. நெம்பினால் நீளச் சிம்பாகப் பெயரும். சுலபமாக உள்ளே போய்ப் பொடியாக உதிர்ந்தால் அது மக்கல். பிறகு லெட்ஜரில் அரை அங்குல போல்ட் அல்லது லேக் ஸ்க்ரூ (தடித்த மரத் திருகு) தலைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆணித்தலைகள் மட்டும் என்றால், சரிசெய்யும்வரை கூட்டத்தை ஏற்றாதீர்கள்.

ஓரிரு ஜாய்ஸ்ட் மட்டும் கெட்டிருந்தால் பக்கத்தில் புதிய கட்டையை இணைத்துச் சமாளிக்கலாம். லெட்ஜரும் தூண்களும் சேர்ந்து மக்கியிருந்தால் பழுதுபார்ப்பது வீண் செலவு, புதிதாகக் கட்டுவதே சரி.