குடி மாறும்போது அப்பாவுக்கு என்ன வேலை?

வைகாசி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் குட்டியானை வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. ஆனியும் ஆடியும் குடி போக ஆகாது என்பார்கள், ஜூனில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று கோபி, தாராபுரம், காங்கயம் பக்கமிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் சட்டி பானையோடு கிளம்புகிறார்கள். நாங்களும் இந்த வருடம் கோபி பக்கத்திலிருந்து குன்னத்தூர் வழியாகத் திருப்பூர் வந்து சேர்ந்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

வண்டி பேசுவது, அட்வான்ஸ் கொடுப்பது, சிலிண்டர் மாற்றுவது, இதோடு அப்பாவின் வேலை முடிந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். குழந்தைகளைச் சமாளிப்பது அம்மாவின் பாடாம். இதை நான் ஏற்கமாட்டேன். ஊரை விட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தது நாம். அதைக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் வேறு யோசனை சொன்னார்கள். "இப்பவே சொன்னா அழுகும் சாமி, தூங்கறப்ப தூக்கிட்டுப் போயிருங்க. ரெண்டு நாள்ல பழகிக்கும்." பாசத்தில் சொன்னதுதான், ஆனால் தப்பு. தூங்கி எழுந்தால் வீடே மாறியிருக்கிறது என்றால் அந்தக் குழந்தை மறுநாள் எந்த நம்பிக்கையில் தூங்கும்? அதனால் பங்குனியிலேயே இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மகள் அழுதாள், அழட்டும் என்று பக்கத்திலேயே இருந்தேன். அப்புறம் கேள்விகள் வந்தன. "ஆத்தாவும் வருமாப்பா?" வராது, பாட்டி தோட்டத்தை விட்டு வராது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் போவோம் என்றேன். "புதுப் பள்ளிக்கூடத்துல சோறு உண்கறப்ப நான் யார் கூட உட்காருவேன்?" பாடம் எப்படி, டீச்சர் எப்படி என்று நாம் கவலைப்படுகிறோம். அவளுக்கு மதியம் தட்டோடு எங்கே போய் உட்காருவது என்பதே கவலை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் நானே கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சின்னவனுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் வந்த அன்றே கையில் சிக்கிய குழாயைத் திறந்து குடித்துவிட்டு, "ஐய, உப்பு" என்று துப்பினான். நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய், அவனுக்கு எப்படித் தெரியும்? பனியன் வேஸ்ட்டில் சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து நல்ல தண்ணிக் குழாயில் கட்டினேன். முடிச்சை அவனையே இறுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் குழாயை அவன்தான் காட்டுகிறான். புது வீட்டில் அவனுக்கென்று தெரிந்த முதல் விஷயம் அது.

லீவு விட்டதும் குடி வந்துவிடுவது நல்லது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடை முழுக்கப் பழைய கூட்டாளிகளும் இல்லை, புதியவர்களும் இல்லை என்றால் குழந்தை நாள் முழுக்க டிவி முன்னால்தான் கிடக்கும். பள்ளி திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது வந்தால் போதும். அதுவரை ஊரில் ஆசை தீர விளையாடட்டும்.

பள்ளி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டிசி வரத் தாமதமாகிறது என்று அலைக்கழிக்கப்பட்ட அப்பாக்களை எனக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் குழந்தையை, டிசி தாமதம் என்று காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்க முடியாது. பழைய பள்ளியில் எமிஸ் எண்ணை, அதாவது அரசின் கணினிப் பதிவில் குழந்தைக்கு உள்ள எண்ணை, விடுவித்துவிட்டார்களா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். சேர்க்கை முடிந்தும் பேர் பழைய பள்ளியிலேயே நிற்கும் தொல்லை இருக்காது.

இதையெல்லாம் செய்ய அப்பா வீட்டில் இருக்க வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்தால் குழந்தை தூங்கியிருக்கும். அரசு வேலையில் இடமாறுதல் என்றால் பணியேற்பிடைக் காலம் என்று சில நாட்கள் உண்டு. பனியன் கம்பெனியில் பால் காய்ச்சும் நாளுக்கு லீவு கேட்டால் தருகிறார்கள், மறுநாள் போன் வந்துவிடுகிறது. சாமான் இறக்கும் நாளில் குழந்தைக்கு எல்லாமே வேடிக்கைதான். "நம்ம வூட்டுக்கு எப்பப்பா போறோம்?" என்ற கேள்வி அதற்கடுத்த வாரம்தான் வருகிறது.

கம்பெனி நடத்துகிறவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்களும் ஏதோ ஒரு ஊரிலிருந்து குடி வந்தவர்கள்தானே. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளிக்குப் பால் காய்ச்சும் நாளோடு, பள்ளி திறக்கும் நாளும் சேர்த்துச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு ஷிப்ட்டோடு அனுப்பிவிடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி எனக்கும் தெரியும், அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.