மைக்ரோஸ்டெப் 32 வைத்தால் மைக்ரான் துல்லியம் வருமா?

"டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை 32-க்கு மாற்றுங்கள், உங்கள் சின்ன மில்லிங் மிஷின் ஒரு மைக்ரானுக்கும் கீழே துல்லியம் தரும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. (மைக்ரோஸ்டெப் என்பது, மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் அதன் ஒரு ஸ்டெப்பைப் பல சிறு பங்குகளாகப் பிரிப்பது; 32 என்றால் 32 பங்கு.)

கணக்கு என்னவோ சரிதான். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 5 மி.மீ. பிட்ச் ஸ்குரூ (ஒரு சுற்றுக்கு மேசையை 5 மி.மீ. நகர்த்துவது) என்றால் 200 × 32 = 6400 பல்ஸுக்கு (மைக்ரோஸ்டெப்புக்கு ஒரு மின் துடிப்பு) 5 மி.மீ.; பல்ஸ் ஒன்றுக்கு 0.78 மைக்ரான். ஆனால் அது கட்டளையின் அளவு, மேசை நகரும் அளவு அல்ல. 32-ல் ஒரு மைக்ரோஸ்டெப்புக்குக் கிடைக்கும் டார்க் (திருப்பு விசை), மோட்டாரின் பிடிப்பு டார்க்கில் சுமார் 5 சதவீதம்தான். ஸ்லைடின் உராய்வு அதைவிட அதிகமென்றால் சில பல்ஸ் சேரும்வரை மேசை அசையாது, அப்புறம் ஒரே தாவு.

சந்தேகமா? மேசையில் டயல் கேஜ் முள்ளை முட்டவைத்து 0.01 மி.மீ. கட்டளையைப் பத்து முறை கொடுங்கள். பிறகு திசையை மாற்றிப் பத்து முறை. ஸ்குரூவில் 0.1 மி.மீ. பேக்லாஷ் (திசை மாறும்போது தெரியும் தளர்வு) இருந்தால், திரும்பும் பத்துக் கட்டளைக்கும் முள் அப்படியே நிற்கும். அந்த 0.1 மி.மீ.-க்கான 128 பல்ஸும் வீண்!

32-ஆல் பயனே இல்லையா? இருக்கிறது: மோட்டாரின் அதிர்வும் இரைச்சலும் குறையும். விலை வேகத்தில்: ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கட்டுப்பாட்டு போர்டில் ஜிஆர்பிஎல் (மிஷினை இயக்கும் மென்பொருள்) நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்தான் தரும் என்பதால், நிமிடத்துக்கு 1400 மி.மீ. தாண்டுவது கஷ்டம்.